கண்டியிலிருந்து நெடும்பயணம்: வீதி பைக் போதுமா?

மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் மனிதராக அறியப்படும் கார்ல் ஸ்டேர்ன்ஸ் கிளான்சி, 1913இல் இலங்கை வீதிகளிலும் ஓடிவிட்டுத்தான் போனார். அமெரிக்கரான அவர் 1912 ஒக்டோபரில் டப்ளினிலிருந்து புறப்பட்டவர். அவருடைய வண்டி நான்கு சிலிண்டர் ஹெண்டர்சன். அதற்கு ஒரேயொரு கியர். பின்சக்கரத்துக்கு ஷொக் கிடையாது. முன்சக்கரத்துக்கு பிரேக் கிடையாது. பணம் கொடுத்தால் எவரும் வாங்கக்கூடிய அந்த வீதி வண்டியில் ஏறக்குறைய 18,000 மைல் பயணத்தை அவர் முடித்தார். சாகசப் பயணத்துக்கென்றே தனியாக ஒரு வண்டி என்ற வகை அப்போது பிறந்திருக்கவேயில்லை.

இன்று அந்த வகை கடைகளில் தனி வரிசையாக நிற்கிறது. உயர்ந்த உடல், நீண்ட ஷொக், பெரிய முன்சக்கரம், பக்கத்துக்கு ஒரு அலுமினியப் பெட்டி. யூடியூப் பார்த்து வளர்ந்த இளைஞர்கள் அதைத்தான் பயணத்தின் அடையாளமாகக் கொள்கிறார்கள். ஆனால் கண்டி, மாத்தளை, கம்பளைப் பக்கத்துப் பிள்ளைகளின் வீட்டு வாசலில் நிற்பது 100 சீசீ பஜாஜ், ஒரு பல்சர், ஒரு எஃப்இசட், ஒரு ஹோர்னெட். கராஜ் வாசலில் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இதுல மீமுரைக்குப் போகலாமா? யாழ்ப்பாணம் போய், திருகோணமலையால சுத்தி வரலாமா?"

போகலாம் என்பதே என் முடிவு. அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: வண்டி இலேசாக இருக்க வேண்டும், சுமை குறைவாக இருக்க வேண்டும், இறக்கத்தில் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். இவை இல்லாதவனை எந்த அட்வெஞ்சர் பைக்கும் காப்பாற்றாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பல்சர் 150இன் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே 165 மி.மீ. இருக்கிறது. 2016இல் வந்த ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411இல் அது 220 மி.மீ. ஹிமாலயனின் முன் ஷொக் 200 மி.மீ. வரை அமுங்கும்; சாதாரண வீதி பைக்கில் 120, 130 மி.மீ. அமுங்கினால் முடிந்தது. முன்சக்கரம் இங்கே 17 அங்குலம், அங்கே 21. கல்லும் குழியும் நிறைந்த பாதையில் இந்த மூன்று வித்தியாசங்களும் கையிலும் முதுகிலும் தெரியும். ஒரு கல் வரும்போது 21 அங்குலச் சக்கரம் ஏறிக் கடக்கும். 17 அங்குலச் சக்கரம் முட்டி நின்று ஹேண்டிலைப் பறிக்கும். இதை மறுப்பவர் கல்பாதையில் ஓட்டியிராதவர்.

நான்காவது எண்தான் எடை. ஹிமாலயன் 411 ஏறத்தாழ 200 கிலோ. பல்சர் 150 ஏறத்தாழ 145. 100 சீசீ வண்டிகள் 110 கிலோவை ஒட்டியவை. ஐரோப்பியர்கள் கொண்டாடும் பீஎம்டபிள்யூ ஆர்1250ஜீஎஸ் 249 கிலோ. செங்குத்தான தோட்டப் பாதையில், மழையில், ஒற்றை ஆளாக வண்டியைச் சாய்த்துவிட்டால் முதலில் நினைவுக்கு வருவது இந்த எண்தான். 110 கிலோவை ஒருவர் தூக்கி நிறுத்திவிடுவார். 249 கிலோவைத் தூக்க லயத்திலிருந்து ஆள் கூப்பிட வேண்டும்.

வெளியுலக அனுபவமும் இதையே சொல்கிறது. ரொபர்ட் ஃபுல்டன் 1932இல் லண்டனிலிருந்து டோக்கியோ வரை ஓடியது டக்ளஸ் வீதி வண்டியில். டெட் சைமன் 1973 முதல் நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றியது 500 சீசீ ட்ரையம்ஃப் வண்டியில். பாலைவனத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் சேர்த்துச் செய்த பெரிய வண்டி என்ற வகைக்கு வழி திறந்த பீஎம்டபிள்யூ ஆர்80 ஜீ/எஸ் 1980இல்தான் வந்தது. அதற்குப் பின்னும் நெதர்லாந்துக்காரரான ஷாக் லூக்காஸன், பந்தயக் களத்துக்குரிய யமஹா ஆர்1 வண்டியிலேயே உலகைச் சுற்றிக் காட்டினார். இந்தியாவில் அனம் ஹாஷிம் என்ற இளம்பெண் 2015இல் 110 சீசீ டீவீஎஸ் ஸ்கூட்டியில் லடாக்கின் கர்துங் லா கணவாய் வரை ஏறினார். அங்கே உயரம் 5,000 மீற்றருக்கும் மேல். மங்கோலியாவில் 2004இல் நடந்த ஒரு பெயர்பெற்ற தொலைக்காட்சிப் பயணத்தில், படப்பிடிப்பாளரின் பீஎம்டபிள்யூ பழுதானபோது அவர் தொடர்ந்து போனது அந்த ஊரிலேயே கிடைத்த ரஷ்யத் தயாரிப்பான இஷ் வண்டியில்.

ஆனாலும் இந்தப் பட்டியலை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. பயணத்தை முடித்தவர்களின் கதைதான் அச்சேறுகிறது. பாதி வழியில் வண்டியை விட்டு பஸ் ஏறியவர்களின் கதை அவர்களோடு முடிந்துவிடுகிறது. விதிவிலக்காக நமக்குக் கிடைத்திருப்பது சே குவேராவின் பயணம். 1952இல் அவரும் நண்பரும் ஏறிய 500 சீசீ நோர்ட்டன், 1939ஆம் ஆண்டு வண்டி. இரண்டு பேர், மேலே மூட்டை முடிச்சு. விழுந்து விழுந்து எழுந்த அந்த வண்டி சிலி நாட்டில் கைவிடப்பட்டது. அங்கே தோற்றது வீதி வண்டி என்ற வகை அல்ல. பழைய இரும்பின் மேல் ஏற்றிய அளவுமீறிய சுமை.

இனி நம் மலைக்கு வருவோம். கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் ஒரு மணி நேரத்துக்குள் வேறொரு காலநிலையில் நிற்போம். தெற்கே பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக 1,868 மீற்றர் உயர நுவரெலியாவுக்கு ஏறுகிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காபரேட்டர் வண்டி மூச்சு வாங்கும், அவ்வளவுதான். காபட் வீதி, ஒழுங்கான வளைவுகள். 100 சீசீ வண்டியும் இரண்டாம் மூன்றாம் கியரில் ஏறிவிடும். மேற்கே கொழும்பு வீதியில் கடுகண்ணாவைக் கணவாய். 1820களில் வெட்டிய வீதி, அதைத் திட்டமிட்ட கப்டன் டோசனுக்கு 1832இல் எழுப்பிய கோபுரம் இன்றும் வளைவருகே நிற்கிறது. வடக்கே மாத்தளை வழியாக ஏ9. இந்த மூன்று பக்கமும் வீதி பைக்கா, வேறு பைக்கா என்ற கேள்வியே எழ வேண்டியதில்லை.

கிழக்கேதான் சோதனை. கண்டியிலிருந்து திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய, உடுதும்பறை வழியாக மஹியங்கனைக்குப் போகும் ஏ26 வீதி, ஹசலக்கைக்கு மேலே "18 வளைவு" என்று எல்லோரும் சொல்லும் கொண்டை ஊசிகளில் சட்டென்று சமவெளிக்கு இறங்குகிறது. வீதி நல்ல வீதி. ஏறுவது எளிது. ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது, அதுவும் டிரம் பிரேக் வண்டியில். பெற்றோல் மிச்சம் என்று எண்ணி கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மிதித்தபடி இறங்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. ஐந்தாறு வளைவு கழிந்ததும் டிரம்முக்குள் லைனர் சூடேறிக் கருகும் வாடை வரும். பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். அடுத்த வளைவில் மிதித்தால் வண்டி நிற்காமல் மெதுவாக மட்டும் ஆகும். அதற்கடுத்த வளைவில் அதுவும் ஆகாது. பின்னால் ஒருவரை ஏற்றி, பையும் கட்டியிருந்தால் இது இன்னும் சீக்கிரம் வரும்.

இதற்கு மருந்து புது வண்டி அல்ல. ஏறும்போது எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்குவது. எஞ்சினின் இழுவையை முதல் பிரேக்காகவும், முன் பிரேக்கை இரண்டாவதாகவும், பின் பிரேக்கைத் துணையாகவும் வைத்துக்கொள்வது. வாடை வந்தால் ஓரம் கட்டி பத்து நிமிடம் ஆறவிடுவது. தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது. மலையகத்தில் லொறி ஓட்டும் அண்ணன்மார் எல்லோருக்கும் இது தெரியும். மோட்டார் சைக்கிள் லைசன்சுக்காக எட்டுப் போட்டுக் காட்டும் தம்பிக்கு இதை எவரும் சொல்லித் தருவதில்லை. நம் பயிற்சிப் பாடசாலைகள் கண்டியிலாவது இறக்கப் பயிற்சி ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள். ஆண்டுதோறும் வீதியில் இறப்போர் 2,000க்கு மேல். அவர்களில் மோட்டார் சைக்கிளில் போனவர்களே பெரும் பங்கு.

அதே ஏ26இல் ஹுன்னஸ்கிரியவில் இடப்பக்கம் திரும்பினால் நக்கிள்ஸ் மலைக்குள் போகும் பாதை. லூல்வத்தை, வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிலையம் உள்ள டீன்ஸ்டன், கோபெட்ஸ் கணவாய், பிறகு இறக்கம், கடைசியில் லக்கேகல மலையின் காலடியில் மீமுரை. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி இது. ஒரு வீதி பைக்கின் எல்லை எது என்று அறிய விரும்புகிறவருக்கு இந்தப் பாதையைவிட நல்ல பரீட்சைக்களம் கண்டியைச் சுற்றி இல்லை.

கோபெட்ஸ் கணவாயைத் தாண்டியதும் பாதை ஒரு வண்டி அகலத்துக்குச் சுருங்குகிறது. ஒரு புறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளத்தாக்கு. கொங்கிரீட் போட்ட துண்டும், மழை அரித்த கற்துண்டும் மாறி மாறி வரும். கொங்கிரீட் முடியும் விளிம்பில் சில இடங்களில் சாண் உயரத்துக்குப் படி விழுந்திருக்கும், 165 மி.மீ. வண்டி அங்கே நேராக இறங்கினால் சைலன்சர் வளைவோ எஞ்சின் அடியோ கல்லில் இடிக்கும். குறுக்காக, ஒரு பக்கமாகச் சாய்த்து, முதல் கியரில் கிளட்சை அரைவாசி பிடித்து இறக்க வேண்டும். இருக்கையிலிருந்து எழுந்து, முழங்கால்களால் டாங்கியைப் பிடித்து, பாரத்தைக் கால்மிதியில் போட வேண்டும். உருளைக்கல் மேல் முன் பிரேக்கைத் தொடவே கூடாது. எதிரே வான் ஒன்று வந்தால் ஏறி வருபவருக்கு வழி விடுவது மலைவழக்கம். பின்னால் அமர்ந்தவர் இந்தத் துண்டுகளில் இறங்கி நடப்பது நல்லது. அவர் நடக்கும் வேகமும் வண்டி போகும் வேகமும் ஒன்றாகத்தான் இருக்கும்.

காய்ந்த நாளில், ஒற்றை ஆளாக, காலையிலேயே புறப்பட்டால் சாதாரண 125 சீசீ வண்டி மீமுரை போய்த் திரும்பும். மழை பெய்த மறுநாள், இருவராக, மொட்டை டயரோடு போகிறவர் திரும்பி வருவதற்கு அங்குள்ள கிராமத்தாரின் உதவியை நம்பியிருக்க வேண்டும். ஹிமாலயன் வைத்திருப்பவருக்கு இந்த எல்லை கொஞ்சம் தள்ளிப்போகும். மறைந்துவிடாது.

இதற்கெல்லாம் மேலான சாட்சி நம் தோட்டங்களில் இருக்கிறது. கலஹா, தெல்தோட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட லூல்கந்துர அங்கேதான். கொழுந்து லொறிக்காக வெட்டிய அந்தப் பாதைகளில் தார் போய்க் கல் மட்டும் மிஞ்சிய இடம் எத்தனையோ. அதில் காலையில் பால்கேன் கட்டிய வண்டி இறங்குகிறது, பகலில் கோவா மூட்டை கட்டிய வண்டி ஏறுகிறது, மாலையில் கேஸ் சிலிண்டரைக் குறுக்கே கட்டிக்கொண்டு ஒருவர் வருகிறார். எல்லாம் 100 சீசீ. அந்த ஓட்டுநர்களிடம் ஹெல்மெட்டைத் தவிர வேறு கவசம் இல்லை. அவர்களிடம் இருப்பது நிதானமும், பாதையின் ஒவ்வொரு கல்லையும் அறிந்த கண்ணும். சாகசம் தேடி நகரத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் இவர்களுக்குப் பின்னால் ஒரு மைல் ஓட்டிப் பார்க்க வேண்டும். மலையகத்து வண்டியோட்டம் பற்றி இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

வசதியும் இதே பக்கம்தான் சாய்கிறது. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் கையில் இருந்ததைப் பழுதுபார்த்து ஓட்டுவதே வழியாக இருந்தது. 2022இல் பெற்றோலுக்கு கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். லீற்றருக்கு 60 கி.மீ. ஓடும் வண்டிக்கு அது 240 கி.மீ.; 20 கி.மீ. ஓடும் பெரிய வண்டிக்கு 80. ஜப்பானிலிருந்து முன்பு வந்த 250 சீசீ ட்ரெயில் பைக்குகள் மலைக்கு மிகப் பொருத்தமானவை, உண்மை. ஆனால் இன்று அவை வயதானவை. ஒரு சிறு உதிரிப்பாகத்துக்காகக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏற வேண்டும். பஜாஜ் கிளட்ச் கேபிள் உடுதும்பறைக் கடையிலும் கிடைக்கும், வவுனியாவிலும் கிடைக்கும். நெடும்பயணத்தில் வண்டியின் திறமையைவிட, பழுதானால் எங்கே திருத்தலாம் என்பது பெரிது.

வீட்டு வண்டியை நெடும்பயணத்துக்குத் தயார் செய்வது பெரிய செலவில்லை. முதலில் டயர். கல்லுக்கும் தாருக்கும் பொதுவான ஆழமான பூவுள்ள டயர் 17 அங்குலத்திலும் கிடைக்கிறது. இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லா மாற்றங்களையும்விடப் பயன் தரும். கம்பிச் சக்கரம் இருந்தால் மாற்றாதீர்கள். அலோய் சக்கரம் கல்லில் இடித்தால் வெடிக்கும், கம்பிச் சக்கரம் நெளியும், நெளிந்ததை ஊர்க் கடையிலேயே நிமிர்த்தலாம். முன் ஸ்ப்ரொக்கட்டில் 15 பல் இருந்தால் 14 பல்லுள்ளதைப் போட்டால் ஏற்றத்தில் இழுவை ஏறக்குறைய 7 வீதம் கூடும். நெடுஞ்சாலையில் எஞ்சின் கொஞ்சம் அதிகம் கத்தும். எஞ்சினுக்கு அடியில் ஒரு தகட்டுக் காப்பு. பழைய கிளட்ச் கேபிளுக்கு அருகிலேயே புதியதொன்றை ஓட்டிக் கட்டி வைத்தால், அறுந்த இடத்தில் முனைகளை மட்டும் மாற்றிப் போகலாம். மேலதிக விளக்கு, சத்தமான சைலன்சர், ஹேண்டில் மாற்றம் போன்றவை பொலிஸ் தண்டப் பத்திரத்தைத்தான் கொண்டுவரும்.

சுமைதான் பலரும் தவறும் இடம். சாதாரண வீதி பைக் ஆட்களோடு சேர்த்துத் தாங்கும் பாரம் பெரும்பாலும் 130 முதல் 150 கிலோ. இரண்டு பெரிய ஆட்கள் ஏறினாலே அது தீர்ந்துவிடும். ஆகவே கூடாரம், அடுப்பு, அலுமினியப் பெட்டி எல்லாவற்றோடும் போவதானால் ஒற்றை ஆள்தான். துணிப்பை போதும். அதையும் பின்னால் உயரத்தில் கட்டாமல் இருக்கையின் இரு பக்கமும் தாழத் தொங்கவிட வேண்டும்.

மழையை மட்டும் எந்த வண்டியாலும் வெல்ல முடியாது. நக்கிள்ஸ் மலை இரண்டு பருவக்காற்றையும் வாங்குகிறது. கண்டிப் பக்கம் ஒக்டோபர், நவம்பரில் பிற்பகலானால் இடியும் மழையும். பெப்ரவரி முதல் மார்ச் முடிய உள்ள வாரங்களே இந்த மலைகளுக்கு ஏற்றவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. சூறாவளிக்குச் சில நாட்களுக்கு முன்பே பஹல கடுகண்ணாவையில் மண் சரிந்து கொழும்பு வீதி மூடப்பட்டது. அங்கே உயிர்கள் போயின. நாட்டின் முதல்தர வீதியின் நிலை இதுவென்றால் தோட்டப் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புறப்படும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்ப்பது, டயரில் காற்றுப் பார்ப்பதற்கு முந்திய வேலை.

மலையை விட்டு இறங்கினால் வீதி பைக்கின் சொந்த ராஜ்யம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ9 சுமார் 320 கி.மீ. தம்புள்ளைக்குப் பிறகு நேர்க்கோடு. தாழ்ந்த இருக்கையும் 17 அங்குலச் சக்கரமும் இங்கே குறையல்ல, வசதி. மோட்டார் சைக்கிளை அதிவேக நெடுஞ்சாலைகளில் அனுமதிப்பதில்லை என்பதால் வேகத்துக்கான பெரிய எஞ்சினும் வீண். இந்த வீதியில் இன்று தம்பிமார் நல்லூர்த் திருவிழாவுக்கு வண்டியோட்டிப் போவதைப் பார்க்கும்போது என் தலைமுறைக்கு நெஞ்சு நிறைகிறது. 2002 போர்நிறுத்தத்தில் திறந்து, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடி, 2009க்குப் பின்னரே நிலையாகத் திறந்த வீதி அது. அதற்கு முன் ஒரு தமிழ் இளைஞன் மோட்டார் சைக்கிளில் கண்டியிலிருந்து வடக்கே போவது வண்டியின் தகுதியைப் பற்றிய கேள்வியாகவே இருக்கவில்லை. எத்தனை சோதனைச்சாவடி, எந்த அடையாள அட்டை, பிறந்த ஊர் எது என்பவைதான் கேள்விகள்.

அதற்கும் அப்பால்? ஆசிய நெடுஞ்சாலை வரைபடத்தில் ஏஎச்43 என்ற பாதை இந்தியாவின் ஆக்ராவில் தொடங்கி நம் மாத்தறையில் முடிகிறது. நடுவில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கி.மீ. கடல். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னும் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980களில் போரோடு அதுவும் நின்றது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய கப்பல் பயணிகளுக்கானது, வண்டியை ஏற்றுவதில்லை. இன்று கண்டிக்காரர் ஒருவர் தன் வண்டியோடு இந்தியா போக வேண்டுமானால் அதைக் கொழும்பில் சரக்காகக் கப்பலேற்றி, கார்னே எனப்படும் சுங்க உத்தரவாதப் பத்திரத்துக்குப் பெரும் தொகையைப் பிணையாக வைக்க வேண்டும். 110 கிலோ வண்டிக்கு அந்தச் செலவு வண்டியின் விலையையே எட்டிவிடும். காங்கேசன்துறைக் கப்பலின் தளத்தில் பத்து மோட்டார் சைக்கிள் நிறுத்த இடமும், இரு நாட்டுச் சுங்கமும் ஏற்கும் குறுகிய கால அனுமதிச் சீட்டு ஒன்றும் கிடைத்தால், கண்டியில் நிற்கும் பல்சர் மதுரைக்கும் ஓடும், லடாக்குக்கும் ஓடும். இரு அரசுகளும் கப்பல் சேவையைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு முறையும் நம் பக்கத்து மோட்டார் சைக்கிள் சங்கங்களும் மலையகப் பிரதிநிதிகளும் எழுத்தில் கேட்க வேண்டியது இந்த இரண்டும்தான்.